பழைய பெயரில் வருபவரைப் புதிய பெயருக்கு அனுப்புவது எப்படி?

ஒரு தளத்தின் பெயரை மாற்றிய அன்று ராத்திரி, பழைய பெயரில் வந்தவர்களை எல்லாம் இல்லாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். காரணம் ஒரே ஒரு சாய்கோடு. அப்பாச்சி என்ற வெப் சர்வரில் (கேட்கிற பக்கங்களை அனுப்பித் தரும் மென்பொருள்) 'ரீடைரக்ட் பெர்மனன்ட்', அதாவது நிரந்தரமாக வேறு இடத்துக்கு அனுப்பு, என்று எழுதி, எதை என்ற இடத்தில் சாய்கோடு போட்டேன். எங்கே என்ற இடத்தில் புதுசு.காம் என்று எழுதி, கடைசியில் சாய்கோடு போடாமல் விட்டேன். அப்பாச்சி முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை அப்படியே ஒட்டும். 'தொடர்பு' பக்கத்தைக் கேட்டவர் புதுசு.காம்தொடர்பு என்ற டொமைனைத் தேடிப் போனார். முகப்புப் பக்கம் மட்டும் ஒழுங்காகத் திறந்ததால் காலை வரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இந்த வேலையை நண்பர்களுக்குப் போனில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

பிரவுசர் ஒவ்வொரு கேள்வியோடும் 'ஹோஸ்ட்' என்ற ஹெடரில் (கேள்வியின் தலைப்பில் வரும் குறிப்பு வரி) தளத்தின் பெயரை எழுதி அனுப்பும். எச்டிடிபி 1.1-இல் அது கட்டாயம். இல்லாவிட்டால் சர்வர் 400, அதாவது தவறான கேள்வி, என்று திருப்பிவிட வேண்டும். ஒரே ஐபி முகவரியில் பத்துத் தளங்கள் இருந்தாலும் சர்வர் பிரித்து அறிவது அந்த ஒரு வரியால்தான். "டிஎன்எஸ்-இல் சிநேம் போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. டிஎன்எஸ் என்பது பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அடைவு, அதில் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் வரிதான் சிநேம். அது ஐபியைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். ஹோஸ்ட் ஹெடரில் பழைய பெயரேதான் வரும்.

சரி, எஞ்சினெக்ஸ், இன்னொரு வெப் சர்வர். அதன் கன்ஃபிகில் (அமைப்புகளை எழுதும் கோப்பில்) பழைய பெயருக்குத் தனியாக ஒரு சர்வர் பிளாக், அதாவது ஒரு தளத்துக்கான பகுதி, எழுதுங்கள். அதில் லிசன் 80 (சாதாரண எச்டிடிபி வரும் போர்ட், அதாவது வாசல் எண்), 'சர்வர் நேம்' வரியில் பழசு.காம், பக்கத்திலேயே டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த வடிவம். அப்புறம் ஒரே வரி: ரிட்டர்ன், 301 ('நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லும் எண்), எச்டிடிபிஎஸ் சேர்த்துப் புதுசு.காம், அதோடு ஒட்டியபடி டாலர் குறி போட்ட 'ரெக்வெஸ்ட் யூஆர்ஐ' (பெயருக்குப் பின்னால் கேட்ட முகவரியின் மீதியைத் தரும் மாறி, அதாவது வேரியபிள்). இடையில் சாய்கோடு வேண்டாம், அந்த மாறி சாய்கோட்டோடுதான் தொடங்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் அதுவே சுமந்து போகும். ரூட், லொக்கேஷன் போன்ற வேறு வரிகள் எதுவும் தேவையில்லை.

புதிய தளத்தின் பிளாக்கிலேயே 'இஃப்' போட்டு ஹோஸ்டைச் சோதிப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் சரியான பெயரில் வருபவரையும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி விசாரிப்பது போல அது. எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, போகவேண்டிய இடத்தில் டாலர் ஹோஸ்ட் என்று எழுதாதீர்கள். வந்த பெயருக்கே திருப்பி அனுப்பி, சுற்றிக்கொண்டே இருக்கும். புதிய பெயரை முழுதாக எழுதுங்கள்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கன்ஃபிகில் அதை ஆங்கில எழுத்துக்கு மாற்றிய பியூனிகோட் வடிவத்தை, அதாவது எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடுகளோடு வருவதை எழுதவேண்டும். பிரவுசர் அனுப்புவது அதைத்தான்.

எந்தப் பெயரோடும் பொருந்தாமல் வருபவர்களை எஞ்சினெக்ஸ் அந்த போர்ட்டின் முதல் பிளாக்குக்குத் தள்ளும். கன்ஃபிக் கோப்புகளை மொத்தமாக இன்க்ளூட் செய்தால் பெயரின் அகர வரிசையில் படிக்கும். ஆக, ஒரு கோப்பின் பெயரை மாற்றினால்கூட யாரோ எங்கோ போய்ச் சேருவார்கள். 'டிஃபால்ட் சர்வர்' என்று குறிப்பிட்டு ஒரு பிளாக் வைத்து, ரிட்டர்ன் 444 கொடுங்கள். பதிலே சொல்லாமல் இணைப்பை மூடிவிடும். பலரும் சர்வர் நேமில் அடிக்கோடு போடுவார்கள். அதற்கு மந்திர சக்தி எதுவும் இல்லை, யாரும் கேட்காத பெயர் என்பதால் போடுகிறார்கள்.

அப்பாச்சியிலும் இதே யோசனைதான்: தனி விர்ச்சுவல்ஹோஸ்ட் (சர்வர் பிளாக் மாதிரி), சர்வர்நேம், சர்வர்அலையாஸ், மேலே சொன்ன ரீடைரக்ட் வரி. இரண்டு பக்கமும் சாய்கோடு, மறக்காதீர்கள். எந்தப் பெயர் எந்தக் கோப்பில் பொருந்துகிறது என்று பார்க்க, அப்பாச்சிசிடிஎல் கட்டளையோடு பெரிய எஸ் கொடுத்தால் பட்டியல் வரும்.

எச்டிடிபிஎஸ்-இல்தான் பலரும் சறுக்குவார்கள். பழைய பெயரில் 443-இல் (எச்டிடிபிஎஸ் வரும் போர்ட்) வருபவரோடு முதலில் டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது சான்றிதழைச் சரிபார்த்துப் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்துவது, முடியவேண்டும், ரீடைரக்ட் அதற்கு அப்புறம்தான். எனவே பழைய பெயருக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும், தொடர்ந்து புதுப்பிக்கவும் வேண்டும். நட்சத்திரக்குறி போட்ட சான்றிதழ் துணைப்பெயர்களுக்கு மட்டுமே, வெறும் பழசு.காமுக்குச் செல்லாது. அதைத் தனியாகச் சேர்க்கவேண்டும்.

முதல் நாளே 301 போடாதீர்கள். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறை நீங்கள் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவர் உங்கள் சர்வரைக் கேட்காமலே பழைய தவறான இடத்துக்குப் போவார். 302 ('தற்காலிகமாக இடம் மாறியது' என்ற எண்) போட்டு இரண்டு நாள் பாருங்கள், அப்புறம் 301. பழைய பெயரில் போஸ்ட் கோரிக்கைகள் (தகவலை அனுப்புபவை) வருமானால், மற்ற நிரல்கள் பேசும் ஏபிஐ மாதிரி, 308 போடுங்கள், அது 301 போலத்தான், ஆனால் போஸ்ட்டை மாற்றாது. 301-ஐப் பார்த்ததும் பிரவுசர்கள் போஸ்ட்டை வெறுமனே பக்கம் கேட்கும் கெட் ஆக்கிவிடும்.

சோதிக்க பிரவுசர் வேண்டாம், கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். முதலில் எஞ்சினெக்ஸோடு சின்ன டி கொடுத்து கன்ஃபிகைச் சரிபார்த்து ரீலோட் செய்யுங்கள். பிறகு கர்லோடு பெரிய ஐ கொடுத்துப் பழைய முகவரியைக் கேட்டு, எங்கே போகச் சொல்கிறது என்று காட்டும் 'லொக்கேஷன்' வரியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். டிஎன்எஸ் இன்னும் மாறவில்லையென்றால் 'ரிசால்வ்' விருப்பத்தில் பெயர், போர்ட், ஐபி மூன்றையும் கொடுத்து முன்கூட்டியே பார்க்கலாம். முகப்புப் பக்கத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். உள்ளே நாலு படி தள்ளி, கேள்விக்குறியோடு இருக்கிற ஒரு முகவரியைக் கேளுங்கள்.

பழைய பிளாக்குக்குத் தனி அக்சஸ் லாக் வையுங்கள். யார் இன்னும் பழைய பெயரில் வருகிறார்கள் என்று அதில் தெரியும். என்னுடையதில் ஏதோ ஒரு ஃபீட் ரீடர் (தளங்களின் புதுப் பதிவுகளைத் திரட்டும் நிரல்) இன்னமும் தினமும் வந்து 301 வாங்கிக்கொண்டு போகிறது, அதனால் அந்த டொமைனைக் கைவிட மனம் வரவில்லை.