நிச்சயதார்த்த மோதிரம்: எந்த உலோகத்தில் எடுப்பது?

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் 22 காரட் தங்கத்தில் ஒற்றைக்கல் வைர மோதிரம் போட்டார்கள். அக்கா நர்ஸ். ஒரு நாளில் எத்தனையோ முறை கை கழுவுவாள், கையுறை மாட்டுவாள், கழற்றுவாள். பதினான்காம் மாதம் ஒரு காலை, இரவுப் பணி முடித்து வந்து கையைப் பார்த்தால் மோதிரம் இருக்கிறது, கல்லைக் காணோம். கல்லைப் பிடித்திருந்த நான்கு கொக்கிகளில் இரண்டு வளைந்து படுத்துக் கிடந்தன. வைரமும் நல்ல வைரம், தங்கமும் நல்ல தங்கம். அந்தக் கல்லை அப்படித் திறந்த கொக்கிகளில், அந்தத் தங்கத்தில் பதித்ததுதான் தப்பாகப் போனது.

கோயம்புத்தூரில் நகைப்பட்டறை வைத்திருந்த என் தாய்மாமா அந்த மோதிரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுத்துல போடுறது சும்மா தொங்கும். விரல்ல போடுறது நாள் முழுக்க வேலை செய்யும்டா. ரெண்டுக்கும் ஒரே தங்கத்தைப் போட்டா எப்படி?" அன்று அவரிடம் கேட்டதும், பிறகு தம்பிக்கும் இரண்டு நண்பர்களுக்கும் மோதிரம் எடுக்கக் கூடப் போய்க் கற்றதும் சேர்ந்ததுதான் இது. முதல் தடவையாக மோதிரம் எடுப்பவர்களை மனதில் வைத்து, கடைக்குப் போகும் முன்பிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

மோதிரம் போடப்போகிறவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். தினமும் போடுவீர்களா, விசேஷத்துக்கு மட்டுமா? கையால் என்ன வேலை செய்கிறீர்கள்? கவரிங் கம்மலோ வாட்ச் கொக்கியோ பட்டால் தோல் அரிக்குமா? மஞ்சள் நிறம் பிடிக்குமா, வெள்ளையா?

பெட்டகத்தில் வைத்து ஆண்டுக்கு நான்கு நாள் போடுகிற மோதிரம் என்றால் எந்த உலோகமானாலும் தாங்கும், நிறம் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். தினமும் பைக் ஓட்டுகிறவர், மாவு பிசைகிறவர், பாத்திரம் துலக்குகிறவர், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் என்றால் கதை வேறு. அரிப்பு பற்றிய கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். காரணம் படி 4-ல் வருகிறது.

இன்னொன்று. முஸ்லிம் குடும்பங்களில் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. மாப்பிள்ளைக்கு வெள்ளியோ பிளாட்டினமோதான். பெண் வீட்டார் ஆசையாகத் தங்கத்தில் எடுத்துவிட்டு, பிறகு மாற்ற அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சுத்தத் தங்கத்தை 24 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 காரட் என்றால் 22 பங்கு தங்கம், மீதி இரண்டு பங்கு செம்பும் வெள்ளியும். ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு இதையே 916 என்கிறார்கள். அதேபோல 18 காரட் 750, 14 காரட் 585.

"பத்தரை மாற்றுத் தங்கம்" என்று குணமுள்ளவரைப் புகழ்கிறோம். மனிதருக்கு அது பெருமை, மோதிரத்துக்குத் தொல்லை. சுத்தத் தங்கம் அவ்வளவு மென்மையானது. செம்பு சேரச் சேரத்தான் அதற்கு முதுகெலும்பு வருகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். வைரத்துக்கும் காரட் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அது எடை. ஒரு காரட் வைரம் 0.2 கிராம். தங்கத்துக்கு காரட் என்பது சுத்தம். "அரை காரட் கல், 18 காரட் மோதிரம்" என்று கடைக்காரர் சொன்னால் முதலாவது எடையையும் இரண்டாவது தரத்தையும் குறிக்கிறது.

படி 3: கல்லா, வெறும் வளையமா?

உலோகத்தை முடிவுசெய்யும் பெரிய கேள்வி இதுதான்.

கல் இல்லாத வளையம், அல்லது பெயர் பொறித்த மோதிரம் என்றால் தயங்காமல் 22 காரட்டில் எடுங்கள். கீறல் விழும், மெருகு போட்டால் சரியாகிவிடும். வளையம் லேசாக நெளிந்தால் பத்தர் ஐந்து நிமிடத்தில் நேராக்கித் தருவார். அந்த மஞ்சளுக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். விளிம்பு மட்டும் மெல்லிசாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் வைத்ததென்றால், எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லின் அடியும் பக்கமும் தங்கத்துக்குள் மூடியிருந்தால் குளோஸ் செட்டிங். நம் பாட்டிகளின் வைரத்தோடும் மூக்குத்தியும் இப்படித்தான் இருக்கும். இதற்கு 22 காரட்டே போதும், கல்லைச் சுற்றிலும் தங்கம் அணைத்திருப்பதால் பிடி எளிதில் விடாது. இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகிற ஒற்றைக்கல் மோதிரங்கள் பெரும்பாலும் ஓபன் செட்டிங். கல் உயரத்தில் நிற்கும், நான்கு அல்லது ஆறு கொக்கிகள் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் நுழைவதால் கல் ஜொலிக்கும். ஆனால் மொத்தப் பொறுப்பும் அந்த மெல்லிய கொக்கிகளின் தலையில். அங்கே 18 காரட்டோ பிளாட்டினமோதான் வேண்டும்.

இதைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "பதினெட்டா? அது தங்கமா?" அவர்களுக்கு ஒரு கணக்குக் காட்டுங்கள். 22 காரட்டில் 4 கிராம் வரும் ஒரு மோதிரத்தை அதே அச்சில் 18 காரட்டில் செய்தால் சுமார் மூன்றரை கிராம்தான் வரும், ஏனென்றால் கலப்பு கூடக் கூட உலோகத்தின் அடர்த்தி குறைகிறது. முதலாவதில் ஏறக்குறைய 3.7 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும், இரண்டாவதில் 2.6. வித்தியாசம் ஒரு கிராம் சொச்சம். சேமிப்புக்காகத் தங்கம் சேர்க்கிறவர்கள் அந்த ஒரு கிராமைச் செயினில் சேர்த்துக்கொள்ளட்டும். விரலில் கல் நிற்பதுதான் முக்கியம். அக்காவுக்கு அடுத்து எடுத்த கல்லை மாமா 18 காரட்டில், ஆறு கொக்கிகளோடு, உயரம் குறைத்துப் பதித்துக் கொடுத்தார். அதே வேலை, அதே கையுறை. ஆறு வருடமாகிறது, கல் அசையவில்லை.

ரோஸ் கோல்டு என்பதும் பெரும்பாலும் இந்த 18 காரட் தங்கம்தான். கலப்பில் செம்பு அதிகம் என்பதால் செம்மை தட்டுகிறது. உறுதியானது. பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள்.

படி 4: வெள்ளை நிறம் வேண்டுமென்றால்

நம் ஊரில் பிளாட்டினத்தையும் வெள்ளைத் தங்கத்தையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு. பிளாட்டினம் தனி உலோகம், மண்ணிலிருந்து வரும்போதே வெள்ளை. வெள்ளைத் தங்கம், அதாவது ஒயிட் கோல்டு, நம் மஞ்சள் தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்தது. கலந்த பிறகும் லேசான மஞ்சள் சாயல் நிற்கும் என்பதால் மேலே ரோடியம் முலாம் பூசுவார்கள். கடையில் பளீரென்று தெரிவது அந்த முலாம்.

முலாம் தேயும். தினமும் போடுகிற மோதிரமாக இருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் மஞ்சள் எட்டிப் பார்க்கும். மறுபடி பூசிக்கொள்ளலாம், ஆனால் அது ஓயாத வேலை. கலப்பில் நிக்கல் இருந்தால் முலாம் தேய்ந்த இடத்தில் அரிப்பும் தொடங்கலாம். படி 1-ல் கேட்ட கேள்வி இதற்காகத்தான். கவரிங் பட்டு அரிக்கிற தோல் என்றால், "நிக்கல் கலந்ததா, பல்லேடியம் கலந்ததா?" என்று கடையில் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் அந்த மோதிரம் வேண்டாம்.

பிளாட்டினத்தில் இந்தத் தொந்தரவு இல்லை. நகைக்கு வருவது பெரும்பாலும் 950, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சுத்தம். தோலுக்கு ஒன்றும் செய்யாது, நிறமும் மாறாது. கீறல் விழாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். விழும். ஆனால் தங்கத்தில் உரசினால் துளி உலோகம் தேய்ந்து போய்விடுகிறது, பிளாட்டினத்தில் அது பெரும்பாலும் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. அதனால் பல வருடம் போனாலும் கொக்கிகள் அவ்வளவாக மெலிவதில்லை. பளபளப்பு குறைந்து பனிபடர்ந்த மாதிரி ஒரு சாம்பல் மென்மை வரும். எனக்கு அது புது மோதிரத்தைவிட அழகாகப் படுகிறது. பிடிக்காதவர்கள் மெருகு போட்டுக்கொள்ளலாம்.

குறை என்ன? கனம். மேலே சொன்ன அதே அச்சில் பிளாட்டினம் நாலரை கிராமைத் தாண்டும். அப்புறம் பழுதுபார்ப்பு. தங்கம் 1,064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். தெருமுனைப் பத்தரின் ஊதுகுழலுக்கு அது அடங்காது. அளவு மாற்ற வேண்டுமானாலும் வாங்கிய கடைக்கோ, அதற்கான கருவி உள்ள பட்டறைக்கோதான் போக வேண்டும். விற்கும்போதும் இப்படித்தான். தங்கத்தை எந்தக் கடையும் எடுத்துக்கொள்ளும், அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். பிளாட்டினத்துக்கு அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போதே திரும்ப எடுக்கும் விதிமுறையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை பற்றிய பழைய எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பிளாட்டினம் என்றால் தங்கத்தைவிட விலை கூடியது என்பது ஒரு காலம். 2015-லிருந்து கிராமுக்குக் கிராம் தங்கம்தான் மேலே இருக்கிறது. செய்கூலி மட்டும் பிளாட்டினத்துக்கு அதிகம்.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. 925 வெள்ளியில் அழகான மோதிரங்கள் கிடைக்கின்றன, கையில் பணம் குறைவென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலில் போடும் மெட்டி வெள்ளிதானே. ஆனால் கறுக்கும், நெளியும். விலையுயர்ந்த கல்லை மட்டும் அதில் பதிக்காதீர்கள்.

படி 5: பில்லை வரி வரியாகக் கேளுங்கள்

கடையில் ஒரே தொகையாகச் சொல்வார்கள். பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்: மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரம், செய்கூலி, கல்லின் விலை, வரி. தங்கத்தின் விலை நிகர எடைக்கு மட்டும்தான். கல்லையும் சேர்த்து நிறுத்துத் தங்கக் கணக்கில் போடுகிறார்களா என்று கவனியுங்கள்.

கணக்குப் புரிய ஓர் உதாரணம். 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிகர எடை 4 கிராம், சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.48 கிராம். ஆக 4.48 கிராமுக்கு 44,800 ரூபாய். ஜிஎஸ்டி 3 சதவீதம், 1,344. மொத்தம் 46,144. இதில் சேதாரமும் வரியும் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேல், அது திரும்ப வராத பணம். சேதாரம் பேசிக் குறைக்கக்கூடியது, கூச்சப்படாமல் கேளுங்கள். 18 காரட் எடுக்கும்போது அன்றைய 18 காரட் விலையைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 22 காரட் 10,000 என்றால் 18 காரட் சுமார் 8,180 வர வேண்டும்.

படி 6: முத்திரை

இந்தியாவில் தங்கத்துக்கு பிஐஎஸ் ஹால்மார்க், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமுத்திரை, 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. மோதிரத்தின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்று அடையாளங்கள் இருக்கும்: பிஐஎஸ் முத்திரை, 22கே916 அல்லது 18கே750 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி, அதாவது அந்த நகைக்கென்றே கொடுத்த தனி அடையாள எண். 2023 ஏப்ரல் முதல் இந்த எச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. கடையில் நின்றபடியே 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், எந்தக் கடையின் பதிவு, எந்த மையத்தில் சோதித்தது, என்ன பொருள், என்ன தரம் என்று வந்துவிடும். செயலி "வளையல்" என்று சொல்லி, கையில் இருப்பது மோதிரம் என்றால் வாங்காதீர்கள். "கேடிஎம்" என்று சொல்லி விற்றாலும் மயங்க வேண்டாம், அது பற்றவைக்கும் முறையின் பெயர், தரச் சான்று கிடையாது.

இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. மெல்லிய மோதிரம் எடுப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு கிராமுக்கு மேல் எடுங்கள் என்பதுதான் என் யோசனை, தினமும் போடுவதற்கும் அதுதான் தாங்கும். பிளாட்டினத்தில் பிடி950 என்ற முத்திரையைத் தேடுங்கள், கூடவே தரச் சான்று அட்டை தருவார்களா என்றும் கேளுங்கள்.

படி 7: அளவு, கடைசிச் சோதனை

நூலைச் சுற்றி அளவெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மோதிர அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சுற்றளவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நூல் அதற்குள் இழுத்துவிடும். கடையில் வளையக் கொத்து இருக்கும், அதை நேரில் போட்டுப் பாருங்கள். சாயங்காலம் போங்கள், காலையைவிட அப்போது விரல் சற்று உப்பியிருக்கும். மோதிரம் விரல் மூட்டைத் தாண்டும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், தாண்டிய பிறகு சுழல வேண்டும். பட்டையான வளையத்துக்கு ஓர் எண் கூட்டிக்கொள்ளுங்கள். நிச்சயத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே எடுத்துவிட்டால் அளவு மாற்ற நேரம் கிடைக்கும்.

மோதிரத்தை வாங்கிக்கொள்ளும் நாளில் மாமா சொல்லித்தந்த ஒன்றைச் செய்யுங்கள். துப்பட்டாவின் ஓரத்தையோ துளிப் பஞ்சையோ கல்லைச் சுற்றி எல்லாத் திசையிலும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே ஒரு கொக்கி சரியாக மடியவில்லை. மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள், மெல்லிய கிணுகிணுப்பு கேட்டால் கல் ஆடுகிறது. இரண்டில் எது இருந்தாலும் பணம் கட்டும் முன்பே, அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலும் செய்யலாம். பிளீச்சிங் பவுடர் தொடும் வேலைக்கு முன் மட்டும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தெர்மாமீட்டர் உடைந்தால் பாதரசத்தை மோதிரக் கையால் தொடவே கூடாது, தங்கம் அதை உடனே உறிஞ்சி வெளுத்துவிடும்.