கொதிக்க வைத்தாயா? யுபிக்விட்டின் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அக்கா, வந்துடுச்சு!” என்று கைப்பேசியை நீட்டினாள், எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவி. புவன விஸ்தா ரயில் நிலையத்திலிருந்து பயோபோலிஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். படத்தில் ஒரு புளொட்: புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் தெரியவைக்கும் படம். கடைசி லேனில், அதாவது கடைசி மாதிரி ஓடிய பாதையில், நடுவிலிருந்து உச்சிவரை கறுப்பாகப் பரவிய ஒரு ஸ்மியர், சாம்பிராணிப் புகை எழுவதைப் போல. தன் புரதத்தின் மேல் யுபிக்விட்டின் ஒட்டியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். 11 ஆண்டுகளுக்கு முன் அதே சந்தோஷத்தில் நான் 7 மாதத்தைத் தொலைத்தேன்.

ஆன்டிபாடி ஊற்ற மறப்பது, சவ்வைத் திருப்பி வைப்பது, ஐஸ் எடுக்காமல் செல்லை உடைப்பது எல்லாம் ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“ஒட்டினால் ஒழிந்தது” என்று நினைப்பது

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். ஈ1 நொதி ஏடிபியைச் செலவழித்து அதை உசுப்புகிறது, ஈ2 வாங்கிக்கொள்கிறது, ஈ3 இலக்குப் புரதத்தை அடையாளம் கண்டு அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒட்ட வைக்கிறது. மனிதச் செல்லில் ஈ3 வகைகள் மட்டும் 600-க்கு மேல். இதன் மூலம் புரதங்கள் சிதைக்கப்படுவதைக் கண்டறிந்ததற்காகத்தான் சியக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபெல் கிடைத்தது. பாடப்புத்தகமும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உறையில் 6 எண்கள் இருக்கின்றன என்பதாலேயே அது துவாஸ் குப்பை எரியாலைக்குத்தான் போகிறது என்று சொல்லிவிட முடியுமா? எண் என்ன என்று பார்க்க வேண்டும். யுபிக்விட்டினுக்கே 7 லைசின்கள் உண்டு. 48ஆம் லைசின் வழியாகச் சங்கிலி நீண்டால் பெரும்பாலும் செல்லின் புரத வெட்டு இயந்திரமான புரோட்டியசோமுக்குப் போய்ப் புரதம் துண்டாகும். 63ஆம் லைசின் வழியாக நீண்டால் டிஎன்ஏ பழுதுபார்ப்பு, சமிக்ஞை என்று வேறு வேலை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்2ஏ-யின் மேல் ஒன்றே ஒன்று ஒட்டினால், மரபணு அடங்கிப் போகுமே தவிர ஹிஸ்டோன் அழிவதில்லை. புரதத்தின் அளவு குறையவில்லை, அதனால் யுபிக்விட்டின் ஒட்டவில்லை என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

கொதிக்க வைக்காமல் பிடித்து இழுப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

என் புரதத்தின் எடை 62 கிலோடால்டன். செல்லை ட்ரைட்டன் என்ற சோப்பு போட்ட மென்மையான பஃபர் கரைசலில் உடைத்தேன். ஆன்டிபாடி பூசிய மணிகளால் என் புரதத்தைப் பிடித்து இழுத்தேன், ஜெல்லில் ஓடவிட்டேன், யுபிக்விட்டினுக்கான ஆன்டிபாடியால் பார்த்தேன். அழகான ஸ்மியர். குழுக் கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது. அப்புறம் எந்த லைசினில் ஒட்டுகிறது என்று தேட ஆரம்பித்தேன். லைசினை ஒவ்வொன்றாக, யுபிக்விட்டின் ஒட்ட முடியாத ஆர்ஜினினாக மாற்றினேன், மொத்தம் 14. ஸ்மியர் கொஞ்சம்கூட மங்கவில்லை. 14-ஐயும் சேர்த்தே மாற்றினேன். அப்போதும் அசையவில்லை. “புதுமாதிரியான பிணைப்பாக இருக்கலாம்” என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டு இன்னும் 2 மாதம் ஓட்டினேன்.

பக்கத்து மேசையில் இருந்த சீன அண்ணன் ஒருவர் ஒரு நாள் கோப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: இழுப்பதற்கு முன்னால் கொதிக்க வைத்தாயா?

ஜெல்லுக்கு முன்னால் எப்படியும் 95 டிகிரியில் கொதிக்க வைக்கிறோமே என்றேன். இன்றைக்கும் புதியவர்கள் எல்லாரும் சொல்வது இதே பதில்தான். அந்தக் கொதி ரொம்பப் பிந்திய கொதி. மென்மையான பஃபரில் புரதங்கள் கைகோத்தபடியே இருக்கும். நீங்கள் ஒன்றை இழுத்தால் அதன் கூட்டாளியும் சேர்ந்து வரும். யுபிக்விட்டின் கூட்டாளியின் முதுகில் இருந்தாலும் புளொட்டில் அது உங்கள் புரதத்தின் கணக்கில்தான் விழும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செல்லை 1 விழுக்காடு எஸ்டிஎஸ் என்ற கடுமையான சோப்பு உள்ள சூடான பஃபரில் உடைத்து 95 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். கைகள் எல்லாம் விட்டுப்போகும். டிஎன்ஏ வெளியே வந்து கலவை வெண்டைக்காய்ச் சாறு மாதிரி இழுபடும். பயப்படாமல் ஊசி வழியாக 10 தடவை ஏற்றி இறக்குங்கள், இல்லையென்றால் ஒலியலையால் உடைக்கும் சோனிகேட் செய்யுங்கள். பிறகு எஸ்டிஎஸ் இல்லாத பஃபரால் 10 மடங்கு நீர்க்க வைத்து 0.1 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். நீர்க்க வைக்காவிட்டால் ஆன்டிபாடியும் குலைந்துவிடும். இழுப்பது அதற்கு அப்புறம்தான்.

அப்படிச் செய்தேன். லேன் வெள்ளையாக இருந்தது. என் புரதத்தின் மேல் ஒன்றுமே இல்லை, எல்லாம் கூட்டாளியுடையது. துப்பும் முதல் நாளிலிருந்தே கண்முன்னால்தான் கிடந்தது. ஒரு யுபிக்விட்டின் சுமார் 8.5 கிலோடால்டன். 62-உடன் ஒன்று சேர்ந்தால் ஏறக்குறைய 70-இல் ஒரு பேண்ட் (கோடு), இரண்டு சேர்ந்தால் 79-இல் இன்னொன்று என்று படிகள் தெரிய வேண்டும். என் ஸ்மியரோ 110-இல் தொடங்கியது. அதை ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

மாணவியை அன்றே கொதிக்க வைக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. மூன்றாம் நாள் வந்த புளொட்டில் புகை முக்கால்வாசி போய்விட்டது. அடியில், அவளுடைய புரதத்துக்குச் சற்று மேலே, மெல்லிய இரண்டு பேண்டுகள் மட்டும் மிச்சம். முதல் படத்தைவிட இது நூறு மடங்கு நல்ல படம் என்று சொன்னால் அவள் நம்ப மறுக்கிறாள்.

என்இஎம்மை டிடிடியுடன் கலப்பது

செல்லை உடைத்த நொடியிலேயே யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அடைப்பதற்காகத்தான் என்இஎம் என்ற ரசாயனம். பஃபரில் வழக்கமாகப் போடும் டிடிடி என்ற ரசாயனம் அதே என்இஎம்மைத் தின்றுவிடும். தண்ணீரிலும் என்இஎம் நிற்காது, அன்றன்றைக்கு எத்தனாலில் கரையுங்கள்.

எம்ஜி132-ஐ இரவு முழுக்க விடுவது

ஒட்டிய புரதம் சிதையாமல் தேங்கட்டும் என்று புரோட்டியசோமை அடைக்கப் போடும் மருந்து இது. 4 மணி நேரம் போதும். காலையில் வந்து பார்த்தால் சாகும் செல்லின் புளொட்தான் கிடைக்கும்.

நல்லதா கெட்டதா என்று கேட்பது

தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யுபிக்விட்டினைப் பற்றி அத்தை கேட்டார்: “ஏம்மா, அது உடம்புக்கு நல்லதா, கெட்டதா? அதைக் கூட்ட ஏதாவது மாத்திரை இருக்கா?” சிரித்தேன், ஆனால் மானிய விண்ணப்பங்களிலும் இதே கேள்வியைக் கொஞ்சம் அலங்காரமாகப் பார்த்திருக்கிறேன்.

யுபிஇ3ஏ மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது தரும் ஈ3 நொதியை எச்பிவி கிருமியின் ஈ6 புரதம் கைக்குள் போட்டுக்கொண்டு, புற்றுநோயைத் தடுக்கும் பி53-ஐ அழிக்க வைக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அது ஒரு வழி. அதே நொதி குழந்தையின் மூளையில் இல்லாமல் போனால் ஏஞ்சல்மன் குறைபாடு வருகிறது, பேச்சும் நடையும் பாதிக்கப்படுகின்றன. பார்க்கின் என்ற இன்னொரு ஈ3 பழுதானால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம். அத்தைக்கு எதைச் சொல்வது, கூட்டச் சொல்வதா குறைக்கச் சொல்வதா?

மருந்தும் அப்படித்தான். 2003-இல் அமெரிக்காவில் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற போர்ட்டெசோமிப், புரோட்டியசோமையே அடைக்கிறது. புரதத்தைக் கொட்டிக் குவிக்கும் மைலோமா செல்கள் அந்தக் குப்பையைத் தாங்க முடியாமல் முதலில் சாகின்றன. ஆனால் புரோட்டியசோம் எல்லாச் செல்லிலும் இருக்கிறதே. சிகிச்சை எடுப்பவர்களில் பலருக்குக் கைகால் விரல்கள் மரத்துப்போகின்றன. அத்தையிடம் இதைச் சொன்னேன். “அப்ப மாத்திரை வேணாம்,” என்று பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தார்.