அரசுக் கடன்பத்திர நிதிகள்: ‘சிக்கலற்றது’ என்ற முத்திரையை நம்பிச் செய்யும் தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி 3 முதல் நடைமுறையில் உள்ள, முதலீட்டுச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் மிஃபிட் 2 விதிகள், முதலீட்டுத் திட்டங்களைச் ‘சிக்கலானவை’, ‘சிக்கலற்றவை’ என இரண்டாகப் பிரிக்கின்றன. சிறு முதலீட்டாளர்கள் வாங்கும் அரசுக் கடன்பத்திர நிதிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் பணம் பத்திரமாக இருக்கும் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளுக்கும் அதுவே தாய்.

திட்டத்தின் அமைப்பு சாதாரண மனிதருக்குப் புரியுமா என்பதே விதியின் கேள்வி. விலை இறங்குமா என்பது அதன் கவலை இல்லை. 2022 ஜூலையில் மைனஸ் 0.5 சதவீதமாக இருந்த ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி, 2023 செப்டம்பரில் 4 சதவீதத்தைத் தொட்டது. வட்டி ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். வட்டி மாற்றத்துக்கு நிதியின் மதிப்பு எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவு ‘டியூரேஷன்’; அது 8 ஆண்டுகள் என்றால், சந்தை வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறும்போது அதன் மதிப்பு ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். அந்தக் காலத்தில் யூரோ நாடுகளில் எந்த அரசும் கடனைத் திருப்பித் தராமல் கைவிரிக்கவில்லை. ஆனாலும் நீண்டகாலப் பத்திர நிதிகள் பலமாக அடி வாங்கின. முத்திரை என்னவோ அப்படியேதான் இருந்தது.

உள்ளே அரசுப் பத்திரம் இருப்பதால்தான் முத்திரை கிடைக்கிறது என எண்ணுவதும் தவறு. பொதுமக்களுக்கு விற்கும் நிதிகளுக்கான ஐரோப்பிய விதிகளான யூசிட்ஸின் கீழ் வரும் நிதி தானாகவே சிக்கலற்றதாகிவிடும். முன்பே வகுத்த சூத்திரப்படி, குறித்த தேதிகளில் பணம் தரும் ‘கட்டமைக்கப்பட்ட’ யூசிட்ஸுக்கு மட்டும் இது பொருந்தாது. அதே பத்திரங்களை வாங்கும், யூசிட்ஸ் அல்லாத ‘மாற்று முதலீட்டு நிதி’யோ சிக்கலானதாகக் கருதப்படும். பெட்டியைப் பார்த்துப் பண்டத்தை எடைபோடும் இந்த ஏற்பாடு எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. டெரிவேட்டிவ்களை (வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்களை) நிறையப் பயன்படுத்தும் யூசிட்ஸும் இதே வாசலில் நுழைந்துவிடலாம்.

சிக்கலற்ற நிதியை நீங்களாகவே கேட்டு வாங்கினால், உங்களுக்கு அதில் அறிவும் அனுபவமும் உண்டா என்று தரகர் சோதிக்க வேண்டியதில்லை. சோதிக்கப்போவதில்லை என்று ஓர் எச்சரிக்கை காட்டினால் போதும். தடையின்றி வாங்க முடிந்ததையே, ‘இது எனக்கு ஏற்றது’ என்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

நிதியை வாங்குமுன் முதலீட்டாளருக்குத் தரப்படும் முக்கியத் தகவல் ஆவணத்தில் உள்ள 1 முதல் 7 வரையிலான அபாய எண் வேறு கணக்கு. அதற்கும் இந்த முத்திரைக்கும் தொடர்பில்லை. கடந்தகால விலை அசைவுகளை வைத்துக் கணக்கிடுவதால், அமைதியான ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்ணும் சிறிதாகத் தெரியலாம். அதன் அருகிலேயே இருக்கும் பரிந்துரைக்கப்பட்ட முதலீட்டுக் காலத்தையும், பத்திரங்கள் வேற்று நாணயத்தில் இருந்தால் நாணய மாற்று இழப்புக்குத் தடுப்பு உண்டா என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.