சீன எழுத்து தெரியாமலே சீனக் கல்வெட்டு பார்ப்பது எப்படி? சியான் பெய்லின் அருங்காட்சியகத்துக்கு ஒரு வழிகாட்டி

சியான் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சுடுமண் படைவீரர்களைப் பார்த்துவிட்டு, கோட்டைச் சுவர்மேல் சைக்கிள் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அதே சுவரின் தென்புறத்தை ஒட்டி உள்ளே இருக்கிறது பெய்லின். 'பெய்' என்றால் எழுத்து பொறித்து நட்ட கல், 'லின்' என்றால் காடு. தாங் அரசமரபுக் காலக் கற்களைக் காப்பாற்ற 1087இல் ஓரிடத்தில் சேர்த்து வைத்ததில் தொடங்கிய காடு.

மொழி தெரியாமல் நுழைந்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே தெரியும். அரை மணியில் கால் வலி வந்துவிடும். எத்தனை கல் பார்த்தோம் என்று எண்ணாதீர்கள். ஐந்தாறு கல் போதும், அவற்றின் முன்னால் நின்று பாருங்கள்.

படி 1: போய்ச் சேர்வது

மெட்ரோ 2ஆம் தடத்தில் யோங்னிங்மென் நிலையத்தில் இறங்கி, ஷூயுவான்மென் தெரு வழியே கிழக்கே நடக்க வேண்டும். இருபுறமும் தூரிகை, மை, காகிதக் கடைகள். இப்போது எதுவும் வாங்காதீர்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

படி 2: கல்லின் அமைப்பைப் புரிந்துகொள்வது

பெரிய கற்களில் உச்சியில் டிராகன்கள், அவற்றுக்கு நடுவே தலைப்பு, அதன்கீழ் வாசகம், அடியில் பாரம் சுமக்கும் ஆமை. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த உச்சி பழகியதுதான். தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்து, 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்த அந்தக் கல்லிலும் இரண்டு டிராகன்கள் உண்டு.

வாசகம் மேலிருந்து கீழே ஓடும். வரிகள் வலமிருந்து இடமாக நகரும். இதைப் பழக நெஸ்டோரியக் கல் என்று பெயர் பெற்ற கல்லிடம் போங்கள். சீனாவுக்குக் கிறிஸ்தவம் வந்த கதையைச் சொல்லும் இது 781இல் நட்டது. தலைப்பில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது எழுத்துகள். வலது மேல் மூலையில் கை கால் விரித்து நிற்கும் மனிதன்போல ஒன்று: 'தா', அதாவது பெரிய. இடது மேல் மூலையில் நடுவே கோடு இறங்கிய பெட்டி: 'ஜோங்', நடு. கடைசியாக இடது கீழ் மூலையில் 'பெய்'. பார்த்தீர்களா, மூன்று எழுத்து வாசித்துவிட்டீர்கள். தலைப்புக்கு மேலே தாமரைமேல் நிற்கும் சிலுவையையும், அடிப்பகுதியில் உள்ள சிரியாக் எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: ஒரே ஒரு தூரிகைக் கோட்டைத் தேடுவது

அறைகளை எண் வரிசையில் சுற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து. எழுத்து வகைகளைக் காட்டும் பகுதி எது என்று நுழைவிலேயே கேட்டுக்கொண்டு, அங்குள்ள சாவோ ச்சுவான் கல்லைத் தேடுங்கள். கிழக்கு ஹான் அரசமரபுக் காலத்தது, ஆண்டு 185. எழுத்துகள் சற்றுத் தட்டையாக, அகலவாக்கில் இருக்கும். கிடைக்கோடு ஒன்று உருண்டையாகத் தொடங்கி, முடிவில் மேல்நோக்கி விரியும். 'பட்டுப்புழுத் தலை, காட்டு வாத்து வால்' என்பார்கள் சீனர்கள். ஓர் எழுத்துக்குள் அந்த வால் ஒருமுறைதான் வரலாம் என்பது விதி. பத்து எழுத்துகளில் வாலைத் தேடிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கல் மறைந்து, தூரிகை பிடித்த கை தெரியத் தொடங்கும். நான் இந்தக் கல்லிடம் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றேன், கூட வந்தவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே.

படி 4: ஒரே கை, இரண்டு வயது

இதுதான் பெய்லினின் உச்சம். தாங் காலத் தூரிகை எழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங் (709–785) எழுதிய கற்கள் இங்கே பல இருக்கின்றன. முதலில் 752ஆம் ஆண்டின் துவோபாவ் கோபுரக் கல்: சீரான, இடைவெளி பிசகாத, நல்ல மாணவனின் எழுத்து. பிறகு 780ஆம் ஆண்டின் யான் குடும்பக் கோயில் கல்லுக்கு நடங்கள். எழுத்து பருத்துவிட்டது, கட்டத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுபதைத் தாண்டிய கிழவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று எழுதியதுபோல் எனக்குப் பட்டது.

அதே கண்ணோடு 841ஆம் ஆண்டு லியூ கோங்ச்சுவான் என்ற இன்னொரு கலைஞர் எழுதிய ஷுவான்மி கோபுரக் கல்லைப் பாருங்கள். அங்கே சதை வற்றி, கோடுகள் எலும்பாக நிற்கும். 'யானின் நரம்பு, லியூவின் எலும்பு' என்ற சொலவடை எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிராது.

படி 5: கல் நூலகம்

காய்செங் கற்கள் 837இல் முடிந்தவை. 114 கற்கள், இருபுறமும் எழுத்து, மொத்தம் 6,50,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். கன்பூசிய நூல்களைப் படியெடுக்கும் மாணவர்கள் பிழை திருத்திக்கொள்ள அரசு நட்ட மூலப்பிரதி. மெதுவாக ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள், போதும்.

படி 6: மைப்படி வாங்குவது

சில கற்கள் ஏன் இத்தனை கறுப்பு? நூற்றாண்டுகளாக மைப்படி எடுத்ததன் கறை. ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் பதித்து, பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றுவார்கள். பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும். நம் கல்வெட்டுத் துறையினர் கோயில் சுவர்களில் எடுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான்.

திரும்பும் வழியில் கடைகளில் விலை கேட்கலாம். காகிதத்தைப் புரட்டி, பின்பக்கம் விரலால் தடவுங்கள். எழுத்துகள் புடைப்பாகத் தட்டுப்பட வேண்டும், வழவழவென்றிருந்தால் அச்சடித்தது. புடைப்பு இருந்தாலும் மூலக்கல்லிலிருந்து எடுத்ததாக நினைத்துவிடாதீர்கள், மறுபடி செதுக்கிய கல்லாகவும் இருக்கலாம். அதற்கேற்ற விலை கொடுங்கள். மடித்துத்தான் தருவார்கள், பதற வேண்டாம், வழக்கமே அதுதான்.