தாவியதா, நகலா: மாடித் தூசியில் தொடங்கும் ஒரு பயிற்சி

மண்டபம் பக்கம் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் 6 வருஷம் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர் விலங்கை வளர்த்தவள் நான். கடல்விரால் குஞ்சுக்குப் பொரிந்த புதிதில் வாய் அவ்வளவு சிறியது. அதற்குள் நுழைகிற உயிர்த்தீனி ரோட்டிஃபர்தான். காலையில் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து எத்தனை இருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. இப்போது உச்சிப்புளியில் பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். குரோமோசோம் தொகுப்பு கூடுதலாக உள்ள விலங்கின் டிஎன்ஏவில் எது இடம் தாவி வந்த துண்டு, எது வெறும் நகல் என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி இது.

பன்மயம் (குரோமோசோம் தொகுப்பு இரண்டுக்கு மேல் இருப்பது) என்றால் பிள்ளைகள் கோதுமை, தர்பூசணி என்று செடியாகவே எழுதுகிறார்கள். "விலங்குல கிடையாதாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். ஏன் இல்லை? பூந்தொட்டி மண்ணில் புழு மாதிரி நெளிகிறதே செவிட்டுப் பாம்பு, அது மும்மயம், அதாவது மூன்று தொகுப்பு. ஆணே இல்லை, பெண்ணே பெண்ணைப் பெறும். (விஷம் கிடையாது, பாவம், அடிக்காதீர்கள்.) ஆனால் பாம்பைப் பிடித்து வைத்துப் பாடம் நடத்த முடியாது. அதனால் மாடிக்கு ஏறினோம்.

நமக்கு வேண்டியது டெலாய்டு ரோட்டிஃபர். தீனிக்கு வளர்ப்பதன் தூரத்துச் சொந்தம். இதிலும் ஆணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ரொம்பக் காலத்துக்கு முன்னால் இவற்றின் மூதாதையில் குரோமோசோம் தொகுப்பு முழுசாக இரட்டித்தது. அப்புறம் பல நகல்கள் உதிர்ந்துபோயின, ஆனாலும் நிறைய மரபணுக்கள் இன்னும் நாலு நாலாக இருக்கின்றன.

பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயைப் பாருங்கள். கறுத்துக் காய்ந்து பொருக்குத் தட்டிய மண் கிடக்கும். ஒரு தேக்கரண்டி போதும். வற்றிய ஊருணியின் வெடிப்பு மண்ணையும் முயன்று பார்க்கலாம். கடற்கரை மணலை அள்ளி வர வேண்டாம். மண்ணைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை உள்ளே வேர்த்துவிடும்.

நான் கோட்டைவிட்டது தண்ணீரில். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு; சோப்பு நுரைக்காது. முதல் 3 தடவை அதையே ஊற்றி, மண்ணில் ஒன்றும் இல்லை என்று கொட்டிவிட்டேன். அப்புறம் காவிரிக் கூட்டுக்குடிநீரை ஊற்றினேன்; அதில் குளோரின் வாசம் தூக்கியது, அன்றும் ஒன்றும் வரவில்லை. அதே தண்ணீரை ஒரு ராத்திரி வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து ஊற்றியபோதுதான் வந்தார்கள். ஐப்பசி மழையில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் இந்தப் பாடே இல்லை.

டீ தட்டில் மண்ணைப் பரப்பி, விரல் நகம் அளவு உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் எழுந்துவிடும். இல்லையென்றால் மறுநாள் காலை வரை பொறுங்கள். பிறகு அடியில் படிந்ததில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, பஞ்சிலிருந்து 2 இழை பிய்த்துப் போட்டு மூடுகண்ணாடி வையுங்கள். இழை இல்லாவிட்டால் நசுங்கிவிடும். பள்ளிக்கூட நுண்ணோக்கியில் 10 மடங்கு பொருளருகு வில்லை போதும். அட்டை மாதிரி வாலை ஊன்றி, தலையை நீட்டி, மறுபடி வாலை இழுத்து நகரும். ஓரிடத்தில் நிலைத்ததும் தலையில் 2 சக்கரம் சுழலும். உண்மையில் எதுவும் சுழலவில்லை, குறுஇழைகள் வரிசையாக அடிப்பது கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. அந்தக் காலத்து நுண்ணோக்கி ஆராய்ச்சியாளர் லீவன்ஹூக் 1702-இல் கூரை மழைநீர்க் கால்வாயின் காய்ந்த தூசியைப் பற்றி எழுதிய கடிதத்தில் இருப்பதும் இதே காட்சிதான். சைபீரிய உறைமண்ணில் 24,000 வருஷம் கிடந்த டெலாய்டு ஒன்று எழுந்து பெருகியதாக 2021-இல் வெளியிட்டார்கள். நம் குழாய் வாயில் இரண்டு கோடை தாங்கியதைப் பெரிதாகச் சொல்ல முடியாது.

சரி, டிஎன்ஏவுக்கு வருவோம். மாடியில் பிடித்ததன் டிஎன்ஏவை வீட்டில் படிக்க முடியாது. அதன் இனத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே வகுப்பைச் சேர்ந்த அடினீட்டா வாகாவின் டிஎன்ஏவைப் படித்து என்சிபிஐ என்ற அமெரிக்க அரசின் உயிரியல் தரவுத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். 2 பதிப்புகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். 2021-இல் வந்தது 6 குரோமோசோம்களாக அழகாகக் கோத்தது. ஆனால் அதில் ஜோடி நகல்கள் ஒன்றாக மடிக்கப்பட்டிருக்கின்றன. 2013-இல் வந்தது துண்டு துண்டாக இருக்கும், ஆனால் ஜோடியின் இரண்டு நகலும் தனித்தனியே உண்டு. இந்தப் பயிற்சிக்குக் கரடுமுரடான பழையதுதான் உதவும்.

தாவும் டிஎன்ஏ, அதாவது டிரான்ஸ்போசான், மரபணுத்தொகுதியில் இடம் மாறி உட்காரும் துண்டு. பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்து, 1983-இல் நோபல் வாங்கினார். நம் டிஎன்ஏவில் ஏறக்குறைய பாதி இப்படி வந்ததுதான். வாகாவில் 2013 கணக்குப்படி 3 விழுக்காடு அளவுதான். கூடுதல் நகல் இருக்கிற உயிரில், ஒரு மரபணுவுக்குள் தாவல் விழுந்து அது கெட்டாலும் மற்ற நகல்கள் தாங்கும். அந்த இடத்தில் தாவுவன பெருகியிருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். டெலாய்டு அவற்றை அமுக்கி வைக்கப் பலமான ஏற்பாடு வைத்திருக்கிறது. பாக்டீரியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு நொதியையே அந்த வேலைக்குப் பழக்கியிருக்கிறது என்று 2022-இல் காட்டினார்கள்.

தேடும் முறை இது. அந்தத் தளத்தில் வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் பக்கத்தில் டிபிளாஸ்ட்என் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புரத வரிசையைக் கொடுத்தால் டிஎன்ஏவை மொழிபெயர்த்துத் தேடும். கேள்வியாக, மரைனர் என்ற தாவும் டிஎன்ஏ வகையின் டிரான்ஸ்போசேஸ் (துண்டைத் தாவ வைக்கும் நொதி) புரதத்தை ஒட்டுங்கள். உயிரி என்ற கட்டத்தில் அடினீட்டா வாகா என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். தரவுத்தளம் முழு மரபணுத்தொகுதி வரிசையாக இருக்கட்டும். எங்கள் ஊர் சிக்னலில் மத்தியானம் போட்டால் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

பட்டியல் வந்ததும் எண்ணக் கை பரபரக்கும். எண்ணாதீர்கள். பொரிப்பகத்தில் எண்ணிப் பழகிய என் கையே என்னை ஏமாற்றியது. நானும் முதலில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் ஒரு துண்டை எடுத்துத் தேடியபோது 4 இடத்தில் வந்தது. தாவும் டிஎன்ஏ பிடித்துவிட்டோம் என்று அவள் அம்மாவுக்கு போன் போட்டாள். ராத்திரி உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். 2 நெருக்கமான ஒற்றுமை. மற்ற 2 தூரத்துச் சாயல். தாவவே இல்லை. தொகுப்பு இரட்டித்ததில் பிறந்த சாதாரண மரபணுவின் நாலு நகல் அது. ஜோடிக்குள் நூற்றுக்குச் சில டிஎன்ஏ எழுத்துகள் மாறியிருக்கும், ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையில் கால்வாசி வரை மாறியிருக்கும். தொகுப்பு கூடுதலாக உள்ள விலங்கில் எல்லாமே பல தடவை வரும். நகல் எத்தனை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கிடைத்த இடம் ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் 3,000 எழுத்து சேர்த்து வெட்டி எடுங்கள். 2 துண்டுகளை பிளாஸ்ட்டின் இரு வரிசை ஒப்பீட்டில் எதிரெதிரே வையுங்கள். ஒற்றுமை நடுவிலிருந்து இரு பக்கமும் ஓடிக்கொண்டே போனால் அது தொகுப்பு நகல்: தெருவோடு சேர்த்து நகலெடுத்த வீடு. ஒற்றுமை இரு முனையிலும் கத்தி வைத்தது போல நின்று, அதற்கப்பால் வேறு வேறு எழுத்து என்றால் தாவல். முனைகளைத் தடவிப் பாருங்கள்: ஒரு முனையின் வரிசை மறுமுனையில் தலைகீழாகத் திரும்பி வரும். அதற்கு வெளியே, உட்கார்ந்த இடத்து எழுத்து இரட்டித்திருக்கும். மரைனர் டிஏ என்ற 2 எழுத்தில் உட்காரும், பிக்கிபேக் என்ற இன்னொரு தாவும் வகை டிடிஏஏவில் உட்காரும், ஹேட் என்ற தாவும் குடும்பம் 8 எழுத்தை இரட்டிக்கும். 2 எழுத்துப் பொருத்தம் தற்செயலாகவும் வரும்; அதை மட்டும் வைத்துக் குதிக்காதீர்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த வேலை. துண்டின் இடப்பக்க 3,000-ஐயும் வலப்பக்க 3,000-ஐயும் நடுவை விட்டுவிட்டு ஒட்டி, மறுபடி தேடுங்கள். ஜோடி குரோமோசோமில் அந்த இரண்டும் நேராக ஒட்டி, ஒரே ஒரு டிஏவோடு நின்றால், தாவல் நடப்பதற்கு முன்பு அந்த இடம் இருந்த கோலம் கண்முன்னே இருக்கிறது. கூடுதல் தொகுப்பு குழப்பியதற்கு அதுவே கொடுக்கிற ஈடு இது. நாங்கள் 11 இடம் பார்த்ததில் இப்படித் தெளிவாக வந்தது ஒன்றுதான். துண்டு இரண்டு நகலிலும் இருந்தால் தாவல் இல்லை என்று அடித்துவிடாதீர்கள். அது பழைய தாவலாக இருக்கலாம்.

ஒரு பிள்ளை இதை மேலே கொண்டுபோக விரும்பினால் ஆப்பிரிக்க நகத் தவளையைக் கொடுங்கள். அதற்கு 36 குரோமோசோம். 2 வெவ்வேறு இனம் கலந்து வந்தது. எது எந்தப் பெற்றோர் பக்கம் என்று 2016-இல் பிரித்தது தாவும் டிஎன்ஏவை வைத்துத்தான்: ஒரு பக்கத்தில் மட்டும் பெருகிய வகை, குடும்ப மச்சம் மாதிரி, அந்தப் பக்கத்துக் குரோமோசோம்களில் மட்டுமே கிடக்கிறது.

தட்டை வெயிலில் வைத்துக் காய விடாதீர்கள். சட்டென்று காய்ந்தால் செத்துவிடும். கொஞ்சம் மணலோடு நிழலில், மேலே காகிதம் மூடி, ஓரிரு நாள் மெதுவாக வற்ற விட்டால் உடலைச் சுருட்டிப் பீப்பாய் ஆகிவிடும். உறையில் தேதி எழுதி வையுங்கள். தட்டை அடுப்படியில் திரும்ப வைப்பதற்கு முன் கழுவிவிடுங்கள். எங்கள் அம்மா இன்னும் அதில் டீ குடிப்பதில்லை.