விமான தூரமும் பயண நேரமும்: கணக்கு எங்கே பிசகுகிறது?

டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. இரண்டையும் அப்படியே கழிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி காலை 11 மணிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் மைனஸ் 6 மணி நேரம்! முதலில் இரண்டையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ யுடிசி +9, ஆகவே கிளம்புவது 08:00. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் −7, ஆகவே இறங்குவது 18:00. பயணம் 10 மணி நேரம். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் −8க்குப் போய்விடும், டோக்கியோ மாறாது. எனவே இன்றைய வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடாமல், பயணத் தேதியில் எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்தது தூரம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அட்லாண்டிக் வழியாகப் போக வேண்டும்போலத் தோன்றும். அப்படி அட்சரேகையை ஒட்டிப் போனால் தூரம் 16,000 கி.மீ.யைத் தாண்டும். உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய பாதை வட துருவத்துக்கு அருகே போகிறது. சுமார் 13,400 கி.மீ.தான்.

இதை ஹேவர்சைன் சூத்திரத்தில் (இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து உருண்டைப் பூமியில் தூரம் காணும் சூத்திரம்) நீங்களே போட்டுப் பார்க்கலாம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. பிசகும் இடங்கள் இரண்டு. எக்செலில் சைன், கோசைன் எல்லாம் ரேடியன் என்ற கோண அளவில்தான் வேலை செய்யும், டிகிரியை அப்படியே கொடுத்தால் விடை குப்பை. இன்னொன்று, மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறப்பது. லாஸ் ஏஞ்சலஸின் −118.41ஐ வெறும் 118.41 என்று கொடுத்தால் அந்தப் புள்ளி சீனாவுக்குள் விழும். தூரம் சுமார் 6,100 கி.மீ. என்று வரும். விடை நம்பும்படி இருப்பதால் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. விடை மைலில் இருந்தால் எந்த மைல் என்றும் பாருங்கள்: சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ.

விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும் என்று வைத்து, தூரத்தை 900ஆல் வகுத்து நேரம் சொல்வதும் சரிவராது. லண்டன்–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ.; வகுத்தால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் அட்டவணையில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்ப 8. அட்டவணை நேரம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி அடுத்த கேட்டில் நிற்பதில் முடிகிறது. ரன்வேக்கு ஊர்ந்து போவது, ஏற்றம், இறக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். போக வர வித்தியாசத்துக்குக் காரணம் வானில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். ஆகவே போகும் நேரத்தையே திரும்பும் நேரமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வான்வெளித் தடைகளையும் கவனியுங்கள். 2022இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், 9 மணி நேரச் சொச்சமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமானது. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. பழைய பயண நேரத்தை நம்பி இணைப்பு விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

இடையில் விமானம் மாறுவதானால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டி, காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.