ஜெல்லி கப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மூடியை உரித்து, கிண்ணத்தை விரலால் அமுக்கியதும் உள்ளே இருப்பது முழுதாக வாய்க்குள் பாயும், குழந்தைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடிய சின்ன ஜெல்லி கப்புகளைப் பற்றியே இந்தக் குறிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இவற்றை வரையறுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான்: கெட்டியான ஜெல்லி, ஓரளவு விறைப்பான சிறு கிண்ணம், அமுக்கி ஒரே வாயில் விழுங்கும் முறை. இம்மூன்றும் ஒரு பண்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள்.

அடுத்து, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். கொன்ஜாக் (ஒரு கிழங்கிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பசை), அதிலுள்ள நார்ப்பொருளான குளுக்கோமன்னான், அதன் சேர்க்கைப்பொருள் எண்ணான இ425 ஆகியவற்றில் எது அச்சிடப்பட்டிருந்தாலும் அதைக் குழந்தைக்கு வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் கொன்ஜாக் கலந்த ஜெல்லி கப்புகளை 2002இல் நிறுத்தியது. பிற பசைகளைக் கொண்டு செய்தாலும் வடிவமும் அளவும் கெட்டித்தன்மையும் மாறுவதில்லை என்பதால், 2004இல் அகர், கராஜீனன், அல்ஜினேட், குவார், சாந்தன் முதலியவை சேர்த்த கப்புகளுக்கும் தடையை நீட்டித்தது. ஆகவே "கொன்ஜாக் இல்லாதது" என்ற வாசகத்தைக் கண்டு நிம்மதி அடைய வேண்டியதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உடல் வெப்பமான 37 டிகிரி அளவுக்கு இளஞ்சூடான நீரில் ஒரு ஜெல்லியைப் போட்டு வையுங்கள். ஜெலட்டினால் செய்த மென்மையான ஜெல்லியாக இருந்தால் ஓரங்கள் மழுங்கி, நீர் மெல்லக் கலங்கத் தொடங்கும். அகர் உருகுவதற்கு ஏறத்தாழ 85 டிகிரி வெப்பம் தேவை என்பதால் அது போட்டபடியே கிடக்கும், கொன்ஜாக்கும் அவ்வாறே. தொண்டையில் சிக்கினால் நடப்பதும் இதுவே: வழுக்கிக்கொண்டு போய் மூச்சுக்குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும் கட்டி உமிழ்நீரில் கரைவதில்லை. ஜெலட்டின் என்றாலே ஆபத்தில்லை என்று இதற்குப் பொருளல்ல. உருகுவதற்கும் நேரம் பிடிக்கும், மூச்சு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

அளவையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் தடை, உயரமோ அகலமோ 45 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக உள்ள கொன்ஜாக் கப்புகளுக்கு உரியது. கடைக்காரர்கள் ஓர் அளவுகோலை எடுத்து, புதிதாக வரும் சரக்கில் ஒன்றை அளந்துவிட்டால் போதும். அச்சிட்ட எச்சரிக்கையை மட்டும் நம்பி அலமாரியில் அடுக்கக் கூடாது. குழந்தைகளைக் காக்க எச்சரிக்கை வாசகம் போதாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுத் தடை ஆணையிலேயே பதிவாகியிருக்கிறது. படிக்கத் தெரியாத வயதினர்தானே இதை உண்கிறார்கள்!

மற்ற ஜெல்லிகளைத் தட்டில் கொட்டி, பொடியாக நறுக்கி, குழந்தையை உட்காரவைத்துக் கரண்டியால் கொடுங்கள். உறையவைத்தால் ஜெல்லி இன்னும் கெட்டியாகும் என்பதால் அதைத் தவிருங்கள்.

ஜெல்லி தொண்டையில் அடைத்துக்கொண்ட குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமலோ குரலோ வராவிட்டால் ஒருவர் அவசர உதவியை அழைக்கட்டும். மற்றவர் குழந்தையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டி, பலன் இல்லையெனில் ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது, நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை முதுகில் தட்டுவதையும் அழுத்துவதையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குழந்தை நினைவிழந்தால் உடனே இதய நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். ஜெல்லி வெளியே வந்த பிறகும், வயிற்றில் அழுத்தியிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.